5 வருட ஒயரிங் அனுபவத்தைக் காகிதத்தில் காட்டுவது எப்படி

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு, நம்ம பேச்சில் வயர்மேன் ஹெல்ப்பர் பரீட்சை. இதை எழுத 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் குறைந்தது 5 வருட அனுபவம் வேண்டும், மேல் வயதுக்கு வரம்பு கிடையாது. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் 10 வருடம், 15 வருடம் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆனாலும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் பலர் நின்றுவிடுகிற இடம் அந்த அனுபவச் சான்றுதான். காடி வெட்டிப் பைப் புதைத்த சுவரெல்லாம் பூசி பெயின்ட் அடித்தாகிவிட்டது, காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை.

நான் தண்டையார்பேட்டை. 9 வருடம் வேலை பார்த்த பிறகு விண்ணப்பித்தேன், முதல் தடவை திரும்பி வந்துவிட்டது. என் கான்ட்ராக்டர் லெட்டர் பேடில் "இவர் எங்களிடம் பல ஆண்டுகளாக நேர்மையாக வேலை செய்து வருகிறார்" என்று எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டிருந்தார். எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை, என்ன வேலை என்றும் இல்லை, அவருடைய லைசென்ஸ் நம்பரும் இல்லை. பாராட்டுக் கடிதத்தை அனுபவச் சான்று என்று நினைத்து நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அதனால் லெட்டர் வாங்கும்போது கூச்சப்படாமல் நீங்களே வாசகத்தை எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி அல்லது இன்றுவரை என்பது, அவருடைய மின் ஒப்பந்தக்காரர் உரிம எண், அது எதுவரை செல்லும் என்பது, அப்புறம் வேலையின் விவரம். இந்த விவரத்தில்தான் ஆள் வேலை தெரிந்தவரா என்பது தெரியும். "எலக்ட்ரிக்கல் வேலை" என்று மொட்டையாக எழுதாமல், சுவருக்குள் கன்சீல்டு பைப் போட்டு ஒயர் இழுத்தது, டிபி பாக்ஸ் (லைன்களைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கட்டியது, மூன்று பேஸ் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இணைப்பு கொடுத்தது, எர்த் குழி தோண்டிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் எடுத்தது, 500 வோல்ட் மெகர் (கசிவு சோதிக்கும் மீட்டர்) வைத்து ஒயரின் இன்சுலேஷன் பார்த்தது என்று நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கூடவே அவர் லைசென்ஸின் நகலும் வேண்டும், அதுவும் நீங்கள் அவரிடம் இருந்த வருடங்களில் உயிரோடு இருந்த லைசென்ஸாக இருக்க வேண்டும்.

ஒரே ஆளிடம் 5 வருடம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். 2 வருடம் ஒருவரிடம், மீதி வேறு இருவரிடம் என்றால் மூன்று லெட்டர் வாங்குங்கள், தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 ஊரடங்கில் சைட் மூடியிருந்த மாதங்களையும் வேலை செய்ததாகக் காட்ட வேண்டாம். 15 வயதில் மாமாவோடு டூல்ஸ் பை தூக்கிக்கொண்டு போன காலத்தை எந்தக் கான்ட்ராக்டரும் எழுத்தில் தரமாட்டார், 18க்குப் பிறகு எண்ணுங்கள்.

மணலி, எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது நடக்கிற வேலைக்குப் போனவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். பிஎஃப் பிடித்திருந்தால் யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் நம்பரை வைத்து இணையத்தில் சர்வீஸ் ஹிஸ்டரி எடுக்கலாம், அதில் எந்த நிறுவனம், சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் இருக்கும். இஎஸ்ஐ அட்டையும் பழைய கேட் பாஸும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் ஒப்பந்தக்காரர் அனுபவச் சான்று தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே சொல்கிறது, நீங்கள் சலுகை கேட்கவில்லை, உரிமையைத்தான் கேட்கிறீர்கள். கேட்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள்.

கஷ்டம் யாருக்கு என்றால், லைசென்ஸ் இல்லாத மேஸ்திரியிடமே காலம் முழுக்க இருந்தவர்களுக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் 11 வருடம் அப்படி இருந்தார், மேஸ்திரி இறந்துவிட்டார். அண்ணனிடம் இருந்தது ஒரு நீல அட்டை நோட்டு மட்டும். சனிக்கிழமை சனிக்கிழமையாக சைட் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை வைத்துத்தான் பழைய சைட்களைக் கண்டுபிடித்தோம். மூன்று இடங்களில் இபி இணைப்பு வாங்க ஒரு லைசென்ஸ் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார், மேஸ்திரி அவருக்குக் கீழேதான் வேலை எடுத்திருக்கிறார். நோட்டைக் காட்டியதும் அவருக்கு ஞாபகம் வந்தது, எழுதிக் கொடுத்தார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, பேங்க் ஸ்டேட்மென்டில் வாரக்கூலி வந்த வரிகள், ஃபிளாட் சங்கச் செயலாளரின் கடிதம் இதெல்லாம் துணைக்குத்தான் ஆகும், லெட்டருக்குப் பதிலாக ஆகாது. நோட்டரி அபிடவிட்டும் அப்படித்தான், அது நீங்களே உங்களைப் பற்றிச் சொல்வது.

பெயரைப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், லெட்டரில் முன்னால், பேங்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் ஆதாரில் உள்ளபடியே எல்லா லெட்டரையும் எழுதி வாங்குங்கள்.

காசு கொடுத்தால் 5 வருட லெட்டர் ரெடி என்று சொல்கிற ஆட்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். லைசென்ஸ் நம்பர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் பதிவில் இருக்கிறது, சரிபார்க்க நினைத்தால் வெளியே வந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், நாளைக்கு ஈரச் சுவரில் கை வைக்கப்போவது ஒரு வீட்டுக் குழந்தை.

தேர்வு அறிவிப்பும் படிவமும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் வரும், அரசு ஐடிஐயிலும் விசாரிக்கலாம். லைசென்ஸ் பற்றிய சந்தேகத்துக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது, விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஒரிஜினல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு செட் ஜெராக்ஸோடு காலையிலேயே போய்விடுங்கள்.