ஓடும்போது கேடன்ஸைக் கூட்டுவது எப்படி?

ஒரு நிமிடத்தில் இரண்டு கால்களும் சேர்ந்து தரையில் எத்தனை முறை படுகின்றனவோ, அதுதான் கேடன்ஸ். உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் பலருக்கு இது 150 முதல் 170 வரை இருக்கும். ஓட ஆரம்பித்தவர்கள் காதில் முதலில் விழும் எண்ணோ 180. பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வீரர்களின் அடிகளை எண்ணியபோது, ஏறக்குறைய எல்லாருமே 180-ஐத் தொட்டோ தாண்டியோ ஓடினார்கள். அந்த எண் பரவியது அங்கிருந்துதான். ஆனால் அவர்கள் பந்தய வேகத்தில் ஓடியவர்கள். வேகம் கூடினால் கேடன்ஸும் தானாகக் கூடும். ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுத்து நிதானமாக ஓடுபவர் அந்த எண்ணைப் பிடிக்க முயன்றால் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். காலின் நீளமும் கணக்கில் வரும். உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பிறகு எதற்காகக் கூட்ட வேண்டும்? கால் எங்கே இறங்குகிறது என்பதற்காக. அடி நீளமாகப் போனால் பாதம் உடலுக்கு வெகு முன்னால், முழங்கால் மடங்காமல், குதிகால் குத்தி இறங்கும். ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பிரேக் போட்ட மாதிரிதான். அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறும். அதே வேகத்தில் அடிகளைச் சற்றுக் கூட்டினால் அடி குறுகி, பாதம் இடுப்புக்குப் பக்கத்தில் இறங்கும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கேடன்ஸை வெறும் 5 சதவீதம் கூட்டியதிலேயே முழங்கால் தாங்கும் சுமை குறைந்தது.

முதலில் உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 10 நிமிடம் ஓடி உடல் சூடானபின், வழக்கமான வேகத்தில், வலது கால் தரையில் படுவதை 30 விநாடிக்கு எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். மூன்று முறை எண்ணி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். வாட்ச் காட்டும் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். நடுவில் நடந்த நேரமும் அதில் சேர்ந்து எண் குறைந்துவிடும். ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் மணிக்கட்டு வாட்ச் தப்பாக எண்ணும்.

உங்கள் எண் 156 என்றால், 5 சதவீதம் கூட்டி 164. இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். 7 நிமிட வேகத்தில் அடியின் நீளம் 92 செ.மீ-இலிருந்து 87 செ.மீ ஆகும், அவ்வளவுதான். மாற்றம் இவ்வளவு சிறியது என்பது மனதில் இருந்தால் காலைக் குறுக்கித் தத்தித் தத்தி ஓடத் தோன்றாது.

போனில் ஒரு மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் ஒலி எழுப்பும்) செயலி போதும். 164-இல் வைத்து ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கால். அது குழப்பினால் 82-இல் வைத்து வலது காலை மட்டும் ஒலியோடு சேருங்கள். வாரம் மூன்று நாள் ஓடுபவர் இரண்டு நாளில் மட்டும் இதைச் செய்யலாம்:

முதல் இரண்டு வாரம்: 1 நிமிடம் ஒலியோடு, 2 நிமிடம் இயல்பாக, 6 முறை.
அடுத்த இரண்டு வாரம்: 3 நிமிடம் ஒலியோடு, 2 நிமிடம் இயல்பாக, 4 முறை.
ஐந்தாவது, ஆறாவது வாரம்: 10 நிமிடம் ஒலியோடு; 2 முறை.

அதன்பின் மெட்ரோனோமை அணைத்துவிட்டு ஓடி, நடுவில் எண்ணிப் பாருங்கள். 162, 163 வந்தால் உடம்பு பழகிவிட்டது. பழைய எண்ணுக்கே திரும்பினால் கடைசி இரண்டு வாரத்தை மறுபடி செய்யுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒலி வேகமானதும் ஓட்டத்தையும் வேகமாக்கிவிடுவார்கள். அடியின் நீளம் அப்படியே இருக்க, மூச்சு மட்டும் ஏறும். கேடன்ஸ் கூடியதாகத் தோன்றும், கால் இறங்கும் இடம் மாறியிருக்காது. ட்ரெட்மில்லில் வேகத்தைப் பூட்டிவிட்டுப் பழகினால் இது நடக்காது. வெளியில் ஓடுபவர்கள் கிலோமீட்டர் நேரத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலை வேகமாக வைக்க நினைக்காமல், வேகமாக எடுக்க நினையுங்கள். சுடுமணலில் பட்ட பாதம் எப்படி எழும்புமோ, அப்படி. முழங்கைகளை மடக்கிக் கைவீச்சைச் சிறிதாக்குங்கள். கை போகும் தாளத்தில்தான் கால் போகும். அகலமாகக் கைவீசிக்கொண்டு அடியை மட்டும் குறுக்குவது கடினம்.

குதிகால் படக் கூடாது என்று நினைத்து முன்பாதத்தில் ஓடத் தொடங்குவது இன்னொரு தவறு. சுமை முழுக்கக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கும் போய்விடும். குதிகால் லேசாகப் படுவதில் குற்றமே இல்லை, பாதம் வெகுமுன்னால் போகாதவரை. முதல் சில வாரங்களில் கெண்டைக்கால் லேசாக இறுகுவது இயல்பு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேல் வலித்தால், இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்து, இலக்கை 2, 3 சதவீதத்துக்கு இறக்குங்கள். வலி தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது நல்லது.

பழகும்வரை நாடித்துடிப்பு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் பந்தயத்துக்கு ஒரு மாதமே இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே 170-க்கு மேல் ஓடி, எங்கும் வலி இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.