வால்வு ரெகார்டு பிளேயரில் ‘ஹம்’: மூலத்தைப் பிடிப்பது எப்படி?

பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்டால், பலர் முதலில் எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுகிறார்கள். சில நேரம் ஹம் போகும். போகாவிட்டால் பழைய கோளாறோடு புதிதாக ஒரு வயரிங் தவறும் சேர்ந்திருக்கும். அதனால் ஹம் எந்தப் பகுதியில் பிறக்கிறது என்று தெரிந்த பிறகே சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.

இ.சி.எல்.82 ஆம்ப்ளிஃபையர் வால்வும், ஏசியை டிசியாக்கும் இ.இசட்.80 ரெக்டிஃபையரும் கொண்ட மோனோ பிளேயரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். வேறு வால்வு என்றால் பின் எண்கள் மாறும், முறை மாறாது.

தேவையானவை: மல்டிமீட்டர், இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்கள், 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று.

தொடுவதற்கு முன்

உள்ளே 200 முதல் 300 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் சேசிஸுக்கும் (உலோகச் சட்டத்துக்கும்) இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டரைச் சில வினாடிகள் கிளிப் செய்து வடியவிடுங்கள். ஒரே டப்பாவில் இரண்டு அடங்கிய இரட்டைக் கெப்பாசிட்டர் என்றால் இரண்டு முனைகளிலும் இதைச் செய்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து, பிளக் வெளியே இருக்க, செட்டின் ஸ்விட்சை மட்டும் ஆன் செய்து, பிளக்கின் இரண்டு மெயின்ஸ் பின்களையும் தனித்தனியாக சேசிஸோடு ஓம் அளவில் சோதியுங்கள். சில நூறு ஓமோ அதற்குக் குறைவாகவோ காட்டினால் சேசிஸ் நேரடியாக மெயின்ஸில் இருக்கிறது. யு.சி.எல்.82, யு.ஒய்.85 வால்வுகள் உள்ள செட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். செட்டை மெயின்ஸிலிருந்து பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவற்றை மின்சாரத்தில் வைத்துச் சோதிக்கவே கூடாது. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் அதற்கு மாற்று ஆகாது, அது மெயின்ஸைப் பிரிப்பதில்லை.

படி 1: ஆறிய நிலையில் கேளுங்கள்

செட் நன்றாக ஆறிய பிறகு ஆன் செய்யுங்கள். வால்வு சூடாகச் சில வினாடிகள் ஆகும். அதற்குள்ளேயே உறுமல் கேட்டால் அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் தளர்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிப்போயிருக்கலாம். வால்வு சூடேறச் சூடேற ஹம் வளர்ந்தால் கோளாறு சர்க்யூட்டில்.

படி 2: வால்யூமைத் திருப்புங்கள்

இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். வால்யூமை முழுக்கக் குறைத்தும் ஹம் அப்படியே இருந்தால் பவர் சப்ளை, ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை), அவுட்புட் பகுதி, இவற்றில் ஒன்று. படி 3-க்குப் போங்கள். வால்யூமோடு சேர்ந்து ஏறினால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பக்கம், படி 4.

படி 3: வால்யூம் பூஜ்ஜியத்திலும் ஹம்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலை ரெக்டிஃபையர் விடும் சிற்றலை (டிசியில் மிஞ்சும் ஏசி) 100 ஹெர்ட்ஸ். சற்றுக் கரகரப்பாகக் கேட்கும். ஹீட்டரிலிருந்து கசிவது 50 ஹெர்ட்ஸ், அடித்தொண்டை முனகல் போல இருக்கும். அரை அலை ரெக்டிஃபையர் உள்ள செட்டில் சிற்றலையும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அங்கே காதை மட்டும் நம்ப முடியாது.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரெக்டிஃபையருக்கு அடுத்துள்ள முதல் கெப்பாசிட்டரில் அளவிடுங்கள். 32 மைக்ரோஃபாரட், 50 மில்லிஆம்ப் என்றால் முழு அலையில் சுமார் 4 வோல்ட் சகஜம். ஃபில்டர் ரெசிஸ்டர் 1 கிலோஓம் என்றால் அதைத் தாண்டிய இரண்டாவது கெப்பாசிட்டரில் 0.2 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையா? கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது.

புதியதைப் பழையதன் மேலேயே இணையாகப் போடாதீர்கள். பழையது கசிந்துகொண்டே சூடாகும். அதன் வயர்களைக் கழற்றிவிட்டு 33 அல்லது 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர்களைத் துருவம் பார்த்துப் போடுங்கள். இ.இசட்.80-க்கு முதல் கெப்பாசிட்டரின் உச்ச வரம்பு 50 மைக்ரோஃபாரட். ‘கூடினால் நல்லதுதானே’ என்று 220 போட்டால் சார்ஜ் ஆகும் கரண்ட் வால்வையே தின்றுவிடும். முதல் கெப்பாசிட்டரின் நெகட்டிவ், டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை சேசிஸைச் சேரும் இடத்துக்கே போகட்டும். வால்யூம் பக்க எர்த்தில் சேர்த்தால் சார்ஜ் துடிப்புகள் சிக்னல் பாதையில் ஓடி, புதுக் கெப்பாசிட்டரோடு புது ஹம்மும் வரும்.

சிற்றலை சரியாக இருந்தும் ஹம் போகவில்லையென்றால், இ.சி.எல்.82-இன் 3-ஆம் பின்னில் டிசி அளவிடுங்கள். 0 வோல்ட்தான் இருக்க வேண்டும். பாசிட்டிவாக அரை வோல்ட் தெரிந்தாலே அந்தப் பின்னுக்குச் சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, வடியவிட்டு, அதன் ஒரு முனையைக் கழற்றி மீண்டும் அளவிடுங்கள். வோல்ட் மறைந்தால் கெப்பாசிட்டர், மறையாவிட்டால் வால்வு. இதை ஒத்திப்போட வேண்டாம். கசிவு வால்வை அளவுக்கு மீறி இழுக்கவைக்கிறது. சிற்றலை பெருகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியவும் கூடும்.

எல்லாம் சரி, 50 ஹெர்ட்ஸ் மட்டும் பலமாக இருக்கிறது என்றால் ஹீட்டர் வயரின் ஒரு பக்கமோ நடு முனையோ சேசிஸோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சால்டர் விட்டுப்போனாலே போதும். அது சரியாக இருந்தால் வால்வுக்குள் ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவு. இன்னொரு வால்வைப் போட்டால் தெரிந்துவிடும்.

படி 4: வால்யூமோடு ஏறும் ஹம்

மின்சாரத்தை நிறுத்தி, வால்யூம் கன்ட்ரோலில் கார்ட்ரிட்ஜ் வயர் சேரும் முனையை அதன் எர்த் முனையோடு கிளிப் செய்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஹம் நின்றால் கோளாறு டோன்ஆர்ம் பக்கம். செராமிக் கார்ட்ரிட்ஜ் மிக உயர்ந்த இம்பீடன்ஸ் கொண்டது. ஷீல்டு வயரின் பின்னல் ஓரிடத்தில் அறுந்தாலும், கார்ட்ரிட்ஜின் கிளிப் தளர்ந்தாலும் சுற்றியுள்ள மின்புலம் அப்படியே உள்ளே வரும். நிற்காவிட்டால் கன்ட்ரோலின் எர்த் சால்டரைப் பாருங்கள். கிளிப் போட்ட நிலையில் நடு வால்யூமில் மட்டும் ஹம் எழும்பினால், கன்ட்ரோலின் நடு முனையிலிருந்து இ.சி.எல்.82-இன் 1-ஆம் பின்னுக்குப் போகும் வயருக்கு ஷீல்டு தேவை.

டெக்கின் (தட்டும் மோட்டாரும் உள்ள பகுதியின்) எர்த் வயர் அறுந்தாலும் இதே ஹம் வரும். ஆனால் சேசிஸ் மெயின்ஸில் உள்ள செட்டில் டெக்கையும் சேசிஸையும் நேரடியாக இணைக்கவே கூடாது. இணைத்தால் டோன்ஆர்மைத் தொடும் கையில் மெயின்ஸ் இருக்கும்.

வால்வு பிளேயர்கள் பலவற்றில் அவுட்புட் வால்வின் ஆனோடுக்கு, ஃபில்டர் ரெசிஸ்டரைத் தாண்டாமல், முதல் கெப்பாசிட்டரிலிருந்தே நேராகச் சப்ளை போகிறது. ஆகவே ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் கேட்கும் மெல்லிய ஹம் கோளாறல்ல. அது நின்றே ஆக வேண்டும் என்று தோண்டாதீர்கள்.