மொம்பாசா முதல் கம்பாலா வரை: லாரியில் சரக்கு அனுப்பப் புதியவர்களுக்கான வழிமுறை

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர் உகாண்டாவின் கம்பாலாவுக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 1,150 கி.மீ. ஓடவேண்டும். நைரோபி, நகுரு, எல்டோரெட், மலாபா, ஜின்ஜா வழியாகப் போகும் இந்தப் பாதைக்கு வடக்கு வழித்தடம் என்று பெயர். முழுக்கத் தார்ச்சாலைதான். நாள்களை விழுங்குவது எடை மேடைகளும் காகிதங்களும்.

படி 1: எடை

கென்யா, உகாண்டா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் விதிப்படி, லாரியின் முன் அச்சில் 8 டன், அதன் பின்புற இரட்டை அச்சில் 18, டிரெய்லரின் மூன்று அச்சுத் தொகுதியில் 24. ஆக, ஆறு அச்சு டிரெய்லர் லாரிக்கு மொத்தம் 50 டன். காலி லாரி 17 டன், காலி 40 அடிப் பெட்டி 3.8 டன் என்று வைத்தால் சரக்குக்கு 29 டன் மிஞ்சும். அவசரப்பட்டு அவ்வளவையும் ஏற்றிவிடாதீர்கள். பெட்டியும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற உச்ச எடை பெட்டியின் கதவில் எழுதியிருக்கும். பலவற்றில் அது 30.48 டன். அப்படியானால் சரக்கு 26.6 டன்தான். 600 லிட்டர் டீசல் அரை டன் என்பதும் நினைவிருக்கட்டும்.

மொத்த எடை சரியாக இருந்தும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கனமான 20 அடிப் பெட்டியை 40 அடி டிரெய்லரின் பின்கோடியில் வைத்தால் மூன்று அச்சுத் தொகுதி 24 டன்னைத் தாண்டும். முன்னால் தள்ளினால் இரட்டை அச்சு தாண்டும். நடுவில் வையுங்கள். மொம்பாசாவை விட்டதும் மரியாகானி, பிறகு அதி ரிவர், கில்கில், வெபுயே என எடை மேடைகள் வரிசையாக வரும். மிகுதியை அங்கேயே சரிசெய்யச் சொல்வார்கள், ஆனால் சுங்க முத்திரையிட்ட பெட்டியை நீங்களாகத் திறக்க முடியாது. அதனால் கிளம்புமுன் அச்சுவாரியாக எடை போட்டுவிடுங்கள்.

படி 2: காகிதம்

உகாண்டாவின் வரியை, சரக்கு மொம்பாசாவை விட்டு நகருமுன்பே கட்டிவிட வேண்டும். பெட்டியில் மின்னணு முத்திரை பூட்டுவார்கள். அனுமதித்த பாதையை விட்டு விலகினால் கண்காணிப்பு அறைக்கு எச்சரிக்கை போகும். சாப்பாட்டுக்காகக்கூடக் கிளைச்சாலைக்குள் போகவேண்டாம். எல்லை தாண்டி ஓட மூன்றாம் நபர் காப்பீடாகக் கொமேசா (கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை) மஞ்சள் அட்டை வேண்டும்.

படி 3: எந்த எல்லை

நகுருவைத் தாண்டி மாவ் சம்மிட்டில் பாதை பிரிகிறது. நேரே எல்டோரெட் போனால் மலாபா எல்லை. கெரிச்சோ, கிசுமு பக்கம் திரும்பினால் புசியா எல்லை. மலாபாவில் லாரி வரிசை நீளம். எந்த எல்லை என்பது சுங்க ஆவணத்தில் பதிவாவதால், வழியில் மனம் மாறினால் ஆவணத்தையும் திருத்தவேண்டும், துறைமுகத்திலேயே முடிவெடுங்கள்.

படி 4: சாலை

நைரோபி தாண்டியதும் லாரிகள் பெரும்பாலும் மாய் மஹியூ மலைச்சரிவில் இறங்கும். உச்சியிலேயே கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கவேண்டும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடாகிப் பிடிப்பே போய்விடும். மார்ச் முதல் மே வரை பெருமழை. 2024 ஏப்ரலில் இங்கே வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது. திரும்பி வரும்போது, மாவ் சம்மிட்டுக்கும் நகுருவுக்கும் இடையே உள்ள சச்சங்வான், சல்கா இறக்கம் இன்னும் மோசம்: டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு நேர்ந்த விபத்துகளுக்குப் பேர்போன இடம்.

உகாண்டாவில் ஜின்ஜாவின் நைல் ஆற்றை 2018-இல் திறந்த புதுப் பாலத்தில் கடக்கலாம். அதன்பின் முக்கோனோ முதல் கம்பாலா வரை மாலை நெரிசல் கடுமை. அந்தப் பகுதிக்கு விடியற்காலையில் போய்ச்சேரும்படி நேரத்தை அமையுங்கள்.