கலிஃபோர்னியாவில் செமி-ஆட்டோ ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் கட்டையைப் பாருங்கள்

ட்ரேசியில் ஒரு துப்பாக்கிக் கடையில் சனி, ஞாயிறு மட்டும் கவுண்டரில் நிற்கிறேன். மவுண்டன் ஹவுஸ், டப்ளின், சான் ரமோன் பக்கமிருந்து நம் ஆட்கள் நிறைய வருகிறார்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்த்ததும் "அண்ணே, தமிழா?" என்பார்கள். அடுத்த கேள்வி, "ஏஆர்ல எது நல்லது?" (ஏஆர்-15 வகை செமி-ஆட்டோ ரைஃபிள்களைத்தான் அப்படிச் சொல்வார்கள்.) அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும். அரிசோனாவில் இருக்கும் மச்சான் சொல்வதைக் கேட்டு இங்கே வாங்க வராதீர்கள்.

முதலில் விசா

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற நான்-இமிக்ரன்ட் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு குண்டு சுடுவதும் இதில் அடக்கம். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய் நிற்பவர்கள் பலருக்கு இது தெரியாது. ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற நேரத்தில், இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் அந்த விதிவிலக்கை நம்பி இறங்க வேண்டாம் என்பேன். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம்.

போன வருஷம் ஒரு பையன், "அண்ணே, நீங்க சிட்டிசன்தானே? உங்க பேர்ல வாங்கிக் கொடுங்க, காசு நான் தர்றேன்" என்றான். "தம்பி, அதுக்கு ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் போகணும்" என்று சொல்லி அனுப்பினேன். துப்பாக்கி உண்மையில் யாருக்காக என்று, வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473 கேட்கும். அங்கே பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம். அதே படிவம் கஞ்சா பழக்கம் உண்டா என்றும் கேட்கும். இந்த மாநிலத்தில் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம், ஆனால் அந்தப் படிவம் கூட்டாட்சிச் சட்டப்படிதான் கேட்கிறது.

வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஃபயர்ஆர்ம் சேஃப்டி சர்ட்டிஃபிகேட் வேண்டும். 30 கேள்வி, 23 சரியாக இருந்தால் பாஸ், கட்டணம் 25 டாலர், ஐந்து வருஷம் செல்லும். டிரைவிங் லைசென்ஸில் 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை' என்று அச்சடித்திருந்தால் கூடவே பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ கொண்டு வாருங்கள். சன்னிவேலிலிருந்து வீடு மாறி வந்து லைசென்ஸில் பழைய முகவரியே கிடந்தால், அதை டிஎம்வியில் சரிசெய்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை மதியம் இதற்காகவே திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

சட்டம் எதைப் பார்க்கிறது

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் ஸ்டாக்டன். 1989 ஜனவரியில் அங்கே கிளீவ்லண்ட் தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஒருவன் ஏகே வகைத் துப்பாக்கியால் சுட்டு ஐந்து குழந்தைகள் செத்துப்போனார்கள். அதே வருஷம் ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்தது. அது குறிப்பிட்ட துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. கம்பெனிகள் பெயரை மாற்றி அதே சரக்கை விற்க ஆரம்பித்ததும், 2000 ஜனவரி 1 முதல் அங்கங்களை வைத்துப் பார்க்கும் விதி வந்தது. இப்போது நாம் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் இதைத்தான்.

செமி-ஆட்டோ (ட்ரிகரின் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறும்), சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பகுதியின் நடுவில் அடி வாங்கும் வகை), கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) என்ற மூன்றும் சேர்ந்த ரைஃபிளில் பின்வருபவற்றில் ஒன்று இருந்தாலே அது 'அசால்ட் வெப்பன்' ஆகிவிடும்: துருத்திக்கொண்டு நிற்கும் பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் நுழையும் ஓட்டை வைத்த கட்டை (ஸ்டாக், தோளில் பதியும் பின்பகுதி), மடக்கும் அல்லது இழுத்து நீட்டும் கட்டை, ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது வரும் ஒளியைக் குறைக்கும் குழல்முனைப் பாகம்), முன்பக்கப் பிஸ்டல் கிரிப், கையெறி குண்டு அல்லது ஃபிளேர் லாஞ்சர். கடைசியதைக் கேட்டு இதுவரை யாரும் கவுண்டருக்கு வந்ததில்லை. இவை தவிர, மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தாலும் ஆகாது. மேகசின் கழற்ற முடியாதபடி பொருத்தியிருந்து அதில் பத்துக்கு மேல் தோட்டா பிடித்தாலும் ஆகாது.

இதில் எல்லோரும் குழம்புவது பிஸ்டல் கிரிப்பில். கவுண்டரில் நான் இப்படிக் காட்டுவேன்: ட்ரிகரின் வெளியே தெரியும் பகுதியின் உச்சியிலிருந்து பின்பக்கமாக ஒரு நேர்கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சுடுகிற கையால் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் வளைவு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க முடிகிறதா? முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். பழைய மரக்கட்டைத் துப்பாக்கிகளில் அந்த வளைவு தானாகவே மேலே ஏறி உட்கார்ந்துவிடும். ஏஆரின் கிரிப்பில் கை மொத்தமும் கீழே தொங்கும். இரண்டிலும் உள்ளே போவது ஒரே .223 தோட்டாவாக இருக்கலாம், சட்டம் பார்ப்பது கை எங்கே நிற்கிறது என்பதை. இது நியாயமா என்று கவுண்டரில் தினமும் சண்டை நடக்கிறது. நான் அதில் கலந்துகொள்வதில்லை.

.22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடிக்கும் வகை) துப்பாக்கிகளுக்கு இந்த அங்க விதி கிடையாது. ஆனால் பத்துத் தோட்டா மேகசின் வரம்பு அவற்றுக்கும் உண்டு.

எதை வாங்கலாம்

எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். "சும்மா ரேஞ்சுக்குத்தான்" என்பவருக்கு ருகர் 10/22 போதும். 1964-இலிருந்து வருகிற துப்பாக்கி, பத்துத் தோட்டா சுழல் மேகசின் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். உதை கிடையாது, தோட்டா மலிவு. முதல் துப்பாக்கியாக இதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுருங்கும். "இது சின்னப் பசங்க விளையாடறது இல்லையா அண்ணே?" என்பார்கள். அவர்களே அடுத்த மாதம் தோட்டா விலையைப் பார்த்துவிட்டு இதற்கே வருவார்கள்.

சென்டர்ஃபயர்தான் வேண்டும் என்றால் என் முதல் பரிந்துரை ருகர் மினி-14, ரான்ச் (Ranch) மாடல். மரக்கட்டை, 18.5 அங்குலக் குழல், .223 தோட்டா. கலிஃபோர்னியாவுக்காக எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ஆயிரம் டாலருக்கு மேலே போகும், குறி துல்லியத்தில் நல்ல ஏஆர் இதை முந்தும், இரண்டும் உண்மை. ஆனால் பெயரைக் கவனியுங்கள்: அதே மினி-14-இல் 'டாக்டிகல்' மாடலுக்கு ஃபிளாஷ் சப்ரஸர் உண்டு. அது இங்கே ஆகாது. ரான்ச் மாடலே ஐந்து தோட்டா மேகசினோடும் வருகிறது, இருபது தோட்டா மேகசினோடும் வருகிறது. முதலாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் .308-இல் பிரவுனிங் பிஏஆர் மாதிரி வேட்டைத் துப்பாக்கிகளைப் பாருங்கள். 2019 ஜூலை முதல் இந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கியின் அளவில் அலமாரியில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தேர்வு செய்யுங்கள். பழம்பொருள் ஆசை உள்ளவர்களுக்கு எம்1 கராண்ட் உண்டு. எட்டுத் தோட்டாவை இரும்புக் கிளிப்போடு மேலிருந்து அழுத்தி இறக்க வேண்டும், கட்டைவிரல் பத்திரம். எஸ்கேஎஸ் வாங்கினால் பத்துத் தோட்டா நிலையான மேகசின் உள்ளதை மட்டும். கழற்றும் மேகசின் வைத்த எஸ்கேஎஸ் பெயர் சொல்லித் தடை செய்த பட்டியலிலேயே இருக்கிறது.

ஏஆர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 'ஃபீச்சர்லெஸ்': நிலையான கட்டை, ஃபிளாஷ் சப்ரஸருக்குப் பதில் மசில் பிரேக் (உதையைக் குறைக்கும் குழல்முனைப் பாகம்), பிஸ்டல் கிரிப் இருக்க வேண்டிய இடத்தில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு. அந்தத் தகடு கட்டைவிரலைச் சுற்றவிடாது. சேஃப்டி பொத்தானைத் தட்ட கையை நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டாவது, மேகசினை நிலையாகப் பூட்டிவிடுவது. துப்பாக்கியின் ஆக்‌ஷனைப் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதியை) பிரிக்காமல் மேகசின் வெளியே வரக் கூடாது. ஒரு கருவியின் முனையால் பொத்தானை அழுத்தி மேகசினைக் கழற்றும் 'புல்லட் பட்டன்' என்ற பழைய ஏற்பாடு 2017-க்குப் பிறகு இந்தக் கணக்கில் வராது. தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டால் இந்த இரண்டாவது வகை பெரிய தலைவலி, புதிதாகச் சுடுபவர் கையில் ஆபத்தும்கூட. இரண்டில் ஒன்று என்றால் ஃபீச்சர்லெஸ். ஆனால் இரண்டையும் விட, தொழிற்சாலையிலேயே ஒழுங்காகப் பொருந்தி வந்த மரக்கட்டைக்குத்தான் என் ஓட்டு.

"கோர்ட்டுல இந்தச் சட்டத்தை அடிச்சிட்டாங்களாமே?" என்பார்கள். கீழ்நீதிமன்ற நீதிபதி 2021-இலும் 2023-இலும் சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியது நிஜம். மேல்நீதிமன்றம் இரண்டு முறையும் நிறுத்தி வைத்தது. நாளை வரப்போகும் தீர்ப்பை நம்பி இன்று எதையும் வாங்காதீர்கள்.

கடையிலும் வீட்டிலும்

இணையதளத்தில் 'கலிஃபோர்னியா கம்ப்ளையன்ட்' என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மாடல் எண் முழுவதையும் எழுதிக்கொண்டு, பொருளை வாங்கித் தரப்போகும் உள்ளூர் டீலரிடம் முன்னாலேயே காட்டுங்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்த பெட்டியில் ஆகாத ஒரு பாகம் இருந்து, திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். தனியாரிடம் வாங்கினாலும் டீலர் வழியாகத்தான் கைமாற வேண்டும்.

பட்ஜெட் போடும்போது விலையோடு விற்பனை வரி, 2024 ஜூலையிலிருந்து வந்த 11 சதவீதத் தனி வரி, மாநிலத்தின் சரிபார்ப்புக் கட்டணம் 37.19 டாலர் எல்லாவற்றையும் சேருங்கள். அந்தத் தனி வரி கடைக்காரர் மேல் போட்டதுதான், ஆனால் பில்லில் நம்மிடம்தான் வந்து நிற்கும்.

படிவம் போட்ட நேரத்திலிருந்து பத்து முழு நாட்கள் காத்திருக்க வேண்டும். முப்பது நாளுக்குள் வந்து எடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஊருக்குப் போகிற மாதத்தில் படிவம் போடாதீர்கள். எடுக்கும்போது துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று கவுண்டரில் செய்து காட்ட வேண்டும். பதற வேண்டாம், நாங்கள் சொல்லித் தருவோம்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுதான் பெரியது. சட்டப்படி வாங்கிய மினி-14-க்கு ஆன்லைனில் ஒரு பிஸ்டல் கிரிப் கட்டை வாங்கி மாட்டினால், அந்த நிமிஷமே வீட்டுக்குள் ஓர் அசால்ட் வெப்பன் தயாராகிவிடுகிறது, அது பெருங்குற்றம். குழல் முனையில் மாட்டும் எதையும், தயாரித்தவரே 'ஃபிளாஷ்' என்ற சொல்லை விளம்பரத்தில் போட்டிருந்தால் தொடாதீர்கள். நியூயார்க்குக்கு வேலை மாறிப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே ஏஆரைக் காப்பாற்றுகிற அதே மசில் பிரேக் அங்கே தடை செய்த அங்கங்களில் ஒன்று.

மாநில அங்கீகாரம் பெற்ற பூட்டு ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் தகுதியான பெட்டகம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2026 ஜனவரி முதல், நீங்கள் கையிலோ, உடனே எட்டி எடுக்கும் தூரத்திலோ வைத்திருக்காத நேரமெல்லாம் வீட்டில் துப்பாக்கி பூட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். கேபிள் பூட்டு பத்து, பதினைந்து டாலர்தான். பெட்டகம் வாங்க முடிந்தால் வாங்கி, சுவரோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். சாவியைப் பூஜை அறையில் வைக்கிறேன் என்றார் ஒருவர். வீட்டில் ஏழு வயதுப் பையன் தினமும் விபூதி எடுக்க முதலில் போகிற இடம் அது. நம்பர் பூட்டு வாங்கச் சொன்னேன்.