வீட்டு மாமரம் என்ன ரகம்? கண்டுபிடிக்கும் முறை

வீடு வாங்கும்போதே தோட்டத்தில் நின்ற மாமரம், சீட்டு விழுந்துபோன நர்சரிக் கன்று என்று ரகம் தெரியாத மரங்கள் ஏராளம். இலையைப் படமெடுத்து அனுப்பிக் கேட்பதால் பயனில்லை. ஒரே மரத்தில்கூட இலையின் நீளமும் அகலமும் கிளைக்குக் கிளை மாறும். அடிமரத்தையும் பழத்தையும் பாருங்கள்.

படி 1: ஒட்டா, கொட்டையா?

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் புடைப்போ சாய்வோ தெரிந்து, அதற்கு மேலும் கீழும் பட்டையின் சொரசொரப்பு மாறினால் அது ஒட்டு மரம். அப்படியானால் அதற்கு ஒரு ரகப் பெயர் இருக்கும். பழைய மரத்தில் ஒட்டு மண்ணுக்குள் போயிருக்கலாம். சிறிது மண்ணை விலக்கிப் பாருங்கள்.

கொட்டையிலிருந்து முளைத்த மரமென்றால் பெரும்பாலும் பெயர் தேட வேண்டியதில்லை. நம் ஊர் ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கருதான் இருக்கும். அது அயல் மகரந்தத்தால் உருவாவதால், பங்கனப்பள்ளிக் கொட்டையைப் போட்டாலும் பங்கனப்பள்ளி வராது. ஒலூர் போன்ற மேற்குக் கடற்கரை ரகங்கள் விதிவிலக்கு: ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும், அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தைப் போலவே காய்க்கும்.

ஒட்டுக்குக் கீழே கிளைத்த தளிரை வெட்டாமல் விட்டிருந்தால், ஒரே மரத்தில் இரண்டு விதக் காய்கள் தொங்கும். கீழ்க்கிளைக் காயைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 2: பழுக்கும் காலம்

பழம் முற்றும் தேதியைக் குறித்து வையுங்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் செந்தூரமும் பங்கனப்பள்ளியும் ஏப்ரல், மே மாதங்களில் வந்துவிடும். நீலம் கடைசியில், ஜூன், ஜூலையில்தான். கன்னியாகுமரிப் பக்கம் நீலம் பருவமில்லாக் காலத்திலும் காய்ப்பதால் அங்கே இந்தக் குறிப்பை நம்ப வேண்டாம்.

படி 3: சரியாகப் பறித்தல்

பலர் தவறுவது இங்கேதான். முற்றாத காயைப் பறித்தால் நிறம், மணம், ருசி மூன்றுமே பொய் சொல்லும். காம்பு குழிக்குள் இறங்கி, தோள் (காம்பை ஒட்டிய மேற்பகுதி) மேலே எழுந்திருக்க வேண்டும். பறித்த காயைத் தண்ணீரில் போடுங்கள். முற்றியது மூழ்கும், மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள்.

மரத்தின் நான்கு பக்கமும் சேர்த்துப் பத்துக் காய்களை 2 செ.மீ. காம்போடு பறியுங்கள். பிறகு காம்பை ஒடித்துத் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட்டு, வைக்கோலில் பழுக்க வையுங்கள். கார்பைடு கூடாது, உள்ளே பழுக்காமலே தோல் மஞ்சளாகிவிடும்.

படி 4: பழத்தைப் படித்தல்

எடை, நீளம், அகலம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். பத்தில் ஒன்று பெரிதாக இருந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகு வடிவம்:

- கிளிமூக்கு: நீளம், நுனியில் தெளிவான மூக்கு, தடித்த தோல். இதைத் தவறவே முடியாது.
- ருமானி: ஆப்பிள் போல உருண்டை, மெல்லிய தோல்.
- பங்கனப்பள்ளி: சாய்ந்த முட்டை வடிவம், வழவழப்பான பொன்மஞ்சள் தோல், நாரில்லாத சதை.
- நீலம்: சுமார் கால் கிலோ, மஞ்சள் தோல், வெட்டும் முன்பே வீசும் மணம்.
- செந்தூரம்: தோளில் சிவப்பு. இலை நிழலில் இருந்த பழத்தில் அந்தச் சிவப்பு மங்கிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

அதிகம் குழப்புவது மல்கோவாவும் இமாம் பசந்தும். இரண்டும் அரைக் கிலோவைத் தாண்டும், பழுத்தாலும் பச்சை முழுதாகப் போகாது. இங்கே எழுத்து விவரம் உதவாது. நம்பகமான தோட்டத்திலிருந்து இரண்டு ரகத்திலும் பழம் வாங்கி, உங்கள் பழத்தோடு சேர்த்து வெட்டி, சதை, நார், ருசி, கொட்டையின் பருமன் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

படி 5: உறுதி செய்தல்

முதல் காய்ப்பில் பழம் இயல்பான அளவில் இருக்காது. அடுத்த ஆண்டும் இதே அளவுகளை எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பழம், கொட்டை, அடிமரப் படம், குறிப்புகளோடு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ போய்க் காட்டலாம்.

பெயர் தெரியாத கொட்டை மரமாகவே இருந்து, பழம் நன்றாக இருந்தால், கொட்டையை ஊன்றிப் பெருக்க நினைக்காதீர்கள். மூன்று, நான்கு மாத வயதுள்ள நுனிக் குச்சியில் இலைகளை மட்டும் நறுக்கி, ஒரு வாரம் முதல் பத்து நாள் மரத்திலேயே விட்டு, மொட்டு புடைத்ததும் வெட்டி ஒட்டுக் கட்டுங்கள்.