பேச வரணும், பாட வரக்கூடாது: நடைப்பயிற்சிக்கு ஏற்ற வேகம்

"நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டுதானே இருக்கிறேன், தனியாக வேறு நடக்கணுமா?" நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் கேட்பது இது. ஆமாம், நடக்கணும். சமையலறைக்கும் கூடத்துக்கும் போய்வருவதில் நாலு எட்டு வைத்ததும் நின்றுவிடுகிறோம். இதயத் துடிப்பு ஏற நேரமே கிடைப்பதில்லை.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். சேர்ந்தாற்போல் அரை மணி கிடைக்கவில்லையா, பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

அப்புறம், நடை மட்டும் போதாது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். வயது ஏற ஏற தசையும் கரையும். அதனால் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எங்கும் ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து முறை. தொப்பென்று உட்காராமல் மெதுவாக இறங்குங்கள், தொடைக்கு உண்மையான வேலை அங்கேதான்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.