ஃபுளோரைடு பூசிக்கொண்ட பிறகு செய்யக்கூடாத தவறுகள்

ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) முடிந்து, ஃபுளோரைடும் பூசிக்கொண்டு, பல் சுத்தமான திருப்தியோடு கிளினிக்கை விட்டு இறங்கினால், அதே புளோக்கின் கீழே கோப்பிக்கடை. ஆவி பறக்கும் தே தாரிக் ஒன்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். பல்லைப் பாதுகாக்கக் காசு கொடுத்துப் பூசிய ஃபுளோரைடு வார்னிஷ் வேலையைத் தொடங்குவதற்குள் இளக ஆரம்பித்துவிடுகிறது.

வார்னிஷ் என்பது பிசினில் கலந்த பூச்சு. அதில் 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு இருக்கும்; ஃபுளோரைடாகக் கணக்கிட்டால் 22,600 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 22,600 பங்கு. பெரியவர்கள் வீட்டில் தேய்க்கும் பற்பசையில் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 வரைதான். எச்சில் பட்டதும் வார்னிஷ் இறுகிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பல மணி நேரம் கொஞ்சங்கொஞ்சமாக ஃபுளோரைடை விடும். நமக்கு வேண்டியது அந்த நேரம்தான். சூடான பானம் பூச்சை இளக்கும், முறுக்கு சுரண்டும், மதுவும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் கரைக்கும். அதனால் 4 முதல் 6 மணி நேரம் இவற்றைத் தள்ளி வையுங்கள், பல்லும் தேய்க்காதீர்கள். மறுநாள் காலை வரை தேய்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அப்படியே செய்யுங்கள். பசித்தால் ஆறிய இட்லி, தயிர்சாதம் சாப்பிடலாம். பல் சொரசொரவென்று, லேசாக மஞ்சளாகத் தெரியும். சிலர் நகத்தால் சுரண்டிவிடுகிறார்கள். தேவையே இல்லை, அடுத்து தேய்க்கும்போது தானே போய்விடும்.

“அரை மணி நேரம் போதும் என்றுதானே சொன்னார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அரை மணி நேரக் கணக்கு, பல் வரிசையின் வடிவில் இருக்கும் சிறு தட்டில் வைத்துக் கடிக்கச் சொல்லும் ஜெல்லுக்கு. அந்த 30 நிமிடமும் சாப்பாடு, தண்ணீர், வாய் கொப்பளிப்பது எதுவும் கூடாது. உங்களுக்குப் பூசியது ஜெல்லா, வார்னிஷா என்று நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பல வார்னிஷ்களில் பைன் மரப் பிசின் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல்லுக்கு உறைபோல மாட்டும் பீங்கான் கிரவுன் போட்டவர்களும் அதைச் சொல்லுங்கள். அமிலத்தன்மை உள்ள ஜெல் அதன் பளபளப்பைக் கெடுக்கும், மருத்துவர் வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார்.

சிங்கப்பூரில் 1950களிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், பிறகு எதற்கு இது என்ற கேள்வியும் வரும். தண்ணீரில் இருப்பது மிகக் குறைந்த அளவு, தினமும் பல்லைக் காக்க அது உதவும். பல் வரிசையைச் சீராக்கும் கம்பியான பிரேசஸ் கழற்றியதும் வெள்ளைத் திட்டு தெரிகிற பல்லுக்கும், ஈறு இறங்கி வேர் தெரிகிற பல்லுக்கும் கூடுதல் உதவி வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடாது. நுண்சவ்வு வழியே தண்ணீரைச் செலுத்தும் ஆர்ஓ வடிகட்டி வைத்திருந்தால் பெரும்பகுதி போய்விடும்.

நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு பழக்கம், பல் தேய்த்ததும் மூன்று நான்கு முறை கொப்பளித்துத் துப்புவது. பற்பசையின் ஃபுளோரைடில் பெரும்பகுதி அதோடு வாஷ்பேசினில் போய்விடுகிறது. நுரையை மட்டும் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். முதலில் வாய் பிசுபிசுப்பாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

வாயின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளி அடுக்கான எனாமல் கரையத் தொடங்கும். மேசையில் லைம் ஜூஸ் வைத்து மதியம் முழுக்க உறிஞ்சினால், எச்சில் அதைச் சரிசெய்ய அவகாசமே கிடைக்காது. குடிப்பதென்றால் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள். இளகத் தொடங்கிய எனாமலைத்தான் ஃபுளோரைடால் திரும்ப இறுக்க முடியும். ஓட்டை விழுந்துவிட்டால் அது தானாக மூடாது, அடைத்துத்தான் ஆக வேண்டும். ஃபுளோரைடு பூசியாகிவிட்டது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பற்பசை விஷயத்தில் தாராளம் வேண்டாம். 3 வயது வரை ஓர் அரிசி அளவு, அதன் பிறகு 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. தேய்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள்.